எங்கள் வீட்டுக்கு வழி காட்டிய இன்னொரு ஆம்பூர்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எனக்கோ அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் நாங்கள் கட்டவிருந்த வீட்டின் பிளானே தலைகீழாக மாறிப் போயிற்று. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். வீடு கட்டும் யோசனையில் இருக்கிற சகோதரிகளுக்கு ஏதாவது ஒரு விதத்தில் உதவினால் எனக்குச் சந்தோஷம்.

எங்களுக்கு ஆம்பூர். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது எங்கள் ஊர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் வெளியூரில் யாராவது கேட்டால், “வேலூர் பக்கம்” என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. என் கணவர் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இருபத்து நாலு வருஷ சர்வீஸ். காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருமுனையில் நின்று பார்த்தால், டிபன் கூடையும் கையுமாக எத்தனை பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள் தெரியுமா! ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களுக்கெல்லாம் தோல்தான் சோறு போடுகிறது.

பதினெட்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அத்தை (என் மாமியார்), நாங்கள் இருவர், மகள், மகன் என்று ஐந்து பேர். 2017-ல் ஊருக்கு வெளியே புது நகரில் ஒரு மனை வாங்கினோம். முப்பதுக்கு ஐம்பது, ஆக 1,500 சதுர அடி. கிழக்கே ரோடு. அதை வாங்கிப் போட்டதோடு கையில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. 2022 கடைசியில்தான் வீட்டுப் பேச்சை எடுத்தோம்.

இஞ்சினீயர் போட்டுக் கொடுத்த முதல் பிளானைப் பார்த்ததும் என் கணவருக்கு வாயெல்லாம் பல். கீழும் மேலுமாக 1,850 சதுர அடி. நாலு படுக்கை அறை, நாலு பாத்ரூம். முகப்பில் கண்ணாடி, ஸ்டீல் கைப்பிடி, கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங். கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் அப்படித்தான் கட்டியிருந்தார்.

“அத்தைக்கு எந்த ரூம்?” என்று கேட்டேன்.

“பின்னாடி இருக்கு பாரு, அமைதியா இருக்கும்” என்றார்.

நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேற்கு ஓரம், ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் பக்கத்து மனையின் சுவரைப் பார்த்தபடி! சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று இஞ்சினீயர் கணக்குச் சொன்னார். நாற்பது லட்சத்தைத் தாண்டியது. வங்கிக் கடன், பி.எஃப். முன்பணம், என் நகை எல்லாம் போட்டாலும் துண்டு விழுந்தது. மீதிக்கு ஒரே வழி, மகளின் நர்ஸிங் படிப்புக்காக வருஷா வருஷம் சேர்த்து வைத்த பணம். அப்போது அவள் பிளஸ் ஒன்.

“படிப்புக்கு அப்புறம் லோன் போட்டுக்கலாம்” என்றார் அவர்.

நான் பதில் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் பாத்திரத்தைத் துலக்கிக் கொண்டிருந்தேன். அந்த ஆத்திரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜனவரியில் நாத்தனார் மகன் கல்யாணம் சென்னையில் வந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து எல்லோரும் யேலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தோம். காட்பாடி வரைக்கும் பாலாறு கிட்டே வருவதும் விலகிப் போவதுமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. வேலூரில் நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, மரமில்லா மலை, சாமி இல்லாக் கோயில் என்று அடுக்குவார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-ல் திரும்ப வந்துவிட்டதால் கடைசி ‘இல்லை’ மட்டும் தீர்ந்தது! நீரில்லா ஆறு என்பதையும் முழுக்க நம்ப முடியாது. 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் புரள ஓடியதைக் கண்ணால் பார்த்தோமே! வீட்டின் பேஸ்மெண்ட்டை ரோட்டிலிருந்து மூன்றடி உயர்த்த வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக் கொண்டேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் இரவுதான் எங்களுக்கு ரயில். பகல் பொழுதை எங்கே கழிப்பது? “முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்கும்மா. பழைய காலத்து வீடெல்லாம் இருக்காம்” என்றாள் மகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினோம். சென்னைக்குத் தெற்கே சுமார் 25 கிலோ மீட்டர். பஸ்ஸில் கடல் காற்று முகத்தில் அடித்தது. தோல் வாசனையே பழகிய எங்களுக்கு அதுவே பெரிய விருந்துதான்.

தட்சிணசித்ராவை டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார் முன்னின்று உருவாக்கினார். 1996 டிசம்பரில் திறந்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கதவு, தூண், உத்தரம் எல்லாம் அந்தந்த ஊர் வீட்டில் இருந்தவை. பொம்மை வீடு இல்லை. உள்ளே போய் உட்காரலாம், படுத்துக்கூடப் பார்க்கலாம்.

செட்டிநாட்டு வீட்டின் வாசலில் என் கணவர் நின்றுவிட்டார். கதவு வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்து, “வீடுன்னா இது வீடு!” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டில் தறிக்குத்தான் முதல் மரியாதை. அந்த வீட்டுக்காரர்கள் என்ன தொழில் செய்தார்களோ அதைச் சுற்றி வீடு அமைந்திருக்கிறது. தஞ்சாவூர் விவசாயி வீட்டில் தானியத்துக்கும் இடம் வேண்டும். ‘அடடே, இவர்கள் முதலில் தங்கள் பிழைப்பைப் பார்த்து, அப்புறம் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்’ என்று நினைத்துக் கொண்டேன்.

அடுத்து ஒரு அக்ரஹார வீடு. பலகையைப் படித்த மகன், “அப்பா! இது ஆம்பூர் வீடாம்!” என்று கத்தினான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். ஆம்பூர்தான், ஆனால் எங்கள் ஆம்பூர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர்! சிரிப்பு அடங்கவே சிறிது நேரமாயிற்று. “எந்த ஆம்பூரா இருந்தா என்ன, பேர் ஒண்ணு. உள்ள வாங்க” என்று அத்தை முதல் ஆளாகப் படியேறினார்.

அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியே இருக்கும். அதனால் இரு பக்கமும் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் முன் வாசல் வழியாகவும் கொல்லை வழியாகவும் நடு முற்றத்தின் வழியாகவும்தான் வர வேண்டும். ஆனால் உள்ளே இருட்டு இல்லை! மத்தியான வெயிலிலும் கூடம் குளுகுளுவென்று இருந்தது. முற்றத்துச் சூடான காற்று மேலே ஏறிப் போக, அந்த இடத்துக்கு வாசல் பக்கக் காற்று உள்ளே வருகிறது. பேன் இல்லாத காலத்தில் எவ்வளவு யோசனை பாருங்கள்.

அத்தை கூடத்தில் தூணில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார். அவருக்கு அப்போது எழுபத்து நாலு வயது. முழங்கால் வலி வேறு. பிறந்தது வாணியம்பாடியில் ஒரு ஓட்டு வீட்டில். சிறிது நேரம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“இங்க உக்காந்தா வாசலும் தெரியுது, அடுப்பங்கரையும் தெரியுது. யார் வர்றாங்க, யார் போறாங்க, என்ன கொதிக்குதுன்னு எல்லாம் தெரியும். கிழவிக்கு இது போதும்டா.”

என் கணவர் எதுவும் பேசவில்லை. பிளானில் அந்தப் பின்பக்க அறையைப் பென்சிலால் காட்டியவர் அவர்தானே! திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கிளம்பும்போது அங்கிருந்த வழிகாட்டிப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பூச்சுப் பூசாத செங்கல் சுவர்கள் அங்கங்கே அழகாக இருந்தன. அந்த வளாகத்தின் அமைப்பை லாரி பேக்கர் வரைந்து கொடுத்தாராம். ஊருக்கு வந்ததும் அவரைப் பற்றித் தேடிப் பிடித்துப் படித்தேன். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகள் கட்டும் வேலைக்காக இந்தியா வந்து, கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, இங்கேயே தங்கி, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். 1990-ல் பத்மஸ்ரீ. தொழுநோய் மருத்துவத்துக்குப் பேர் போன கரிகிரியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிற எங்களுக்கு அந்தச் செய்தியைப் படித்ததுமே அவர் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை அவர் வாழ்நாள் முழுதும் மனதில் வைத்திருந்தாராம். தேவையில்லாததைப் பூசாதே, ஒட்டாதே என்பது அவர் வழி.

“இதுக்கு இப்போ ‘மினிமலிஸ்ட்’னு பேரும்மா. வெளிநாட்டுல ரொம்ப ஃபேஷன்” என்றாள் மகள். ஜப்பான்காரர்கள் பாய் விரித்த ஒரே அறையில் பகலெல்லாம் இருந்து, இரவில் மெத்தையை அலமாரியிலிருந்து எடுத்து விரித்து, காலையில் மடித்து வைப்பார்களாம். எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக நாங்கள் செய்வதும் அதுதானே என்று சிரித்தேன்! இலங்கையில் ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் 1960-களின் தொடக்கத்தில் கொழும்பு நகர மனையில் நடு முற்றம் வைத்து எனா டி சில்வா என்பவருக்குக் கட்டிய வீட்டையும் போனில் காட்டினாள். பிற்பாடு அந்த வீட்டையும் பிரித்தெடுத்து லுணுகங்கை என்ற இடத்தில் மறுபடி எழுப்பியிருக்கிறார்களாம். நல்ல வீட்டை இடித்துத் தள்ள மனசு வராது போலிருக்கிறது.

சரி, படித்து என்ன? கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? சண்டை போட்டால் வேலைக்காகாது. ஒரு பழைய நோட்டை எடுத்தேன். ஒரு வாரம், காலை ஏழு, மாலை ஏழு, இரவு ஒன்பது என்று மூன்று வேளையும் வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதினேன். வாரக் கடைசியில் அவர் முன்னால் வைத்தேன். ஐந்து பேரில் நாலு பேர் எப்போது பார்த்தாலும் கூடத்திலும் சமையலறை வாசலிலும்தான்! அறைக்குள் போனது தூங்கவும் உடை மாற்றவும் மட்டும்.

“இதையே பெரிசா, காத்தோட்டமா கட்டுவோம். ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குங்க கடன்?” என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். “ஊர்ல என்ன சொல்லுவாங்க?” என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. இருபத்து நாலு வருஷம் உழைத்த மனிதர், கூட வேலை செய்பவர்கள் முன்னால் தலை நிமிர ஆசைப்பட்டார். அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. “அத்தை சொன்னது ஞாபகம் இருக்கா?” என்றேன். நெடு நேரம் கழித்து, “இஞ்சினீயரை வரச் சொல்றேன்” என்றார்.

புதுப் பிளான் 1,050 சதுர அடி, தரைத்தளம் மட்டும். சுற்றிலும் விட வேண்டிய இடம் விட்டு, முன்னால் ஒரு சிறு திண்ணை. உள்ளே நுழைந்ததும் 12-க்கு 20 கூடம். அதன் பக்கத்தில் ஏழுக்கு எட்டு முற்றம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே முழுச் சுவர் கிடையாது, இடுப்பளவு சுவர்தான். அத்தையின் அறைக் கதவு கூடத்தில் திறக்கும், ஜன்னல் முற்றத்தைப் பார்க்கும். கட்டிலில் படுத்தபடியே வாசல் தெரியும்! மகள் அத்தையோடு. எங்களுக்கு ஒரு அறை. மகனுக்குக் கூடத்து ஓரத்தில் ஒரு பெட்டி வைத்த மேடை; பகலில் உட்கார, இரவில் படுக்க. முற்றத்தை ஒட்டி மதில் போல நீளமாக ஒரு கடப்பைக் கல் பலகை. அதுதான் பிள்ளைகள் படிக்கும் மேஜை.

மேற்கே மாலை வெயில் சுள்ளென்று அடிக்கும். எங்கள் பக்கத்துக் கோடையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சுற்றிலும் இருக்கிற பாறை மலைகள் வாங்கி வைத்த சூட்டை இரவிலும் விட்டுக் கொண்டிருக்கும். அதனால் பாத்ரூம், சாமான் அறை, மாடிப்படி மூன்றையும் மேற்கு ஓரத்தில் வரிசையாக வைத்தோம். வெயில் அவற்றோடு நின்றுவிடும். மாடிப்படிச் சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி வைத்தோம்.

இரண்டு பிளானுக்கும் வித்தியாசம் 800 சதுர அடி. அதாவது பதினேழரை லட்சத்துக்கு மேல்! மகளின் படிப்புப் பணத்தில் கை வைக்கவில்லை.

இனி தண்ணீர் விஷயம். எங்கள் ஊர்ப் பக்கம் வீடு கட்டுபவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே ஆவாரம் பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். 1970-களுக்குப் பிறகு குரோம் பதனிடுதல் பெருகியது. தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். அதைக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு போகும். பல வருஷம் அது மண்ணிலும் ஆற்றிலும் இறங்கி, கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் பெரிய தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி கண்டிப்பான உத்தரவு போட்டிருக்கிறது. சோறு போடும் தொழிலைத் திட்ட எனக்கு மனமில்லை. ஆனால் உள்ளதை மறைக்க முடியுமா?

உறவினர் ஒருவர் வீட்டில் பத்தே வருஷத்தில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தது. போர் தண்ணீரிலேயே கான்கிரீட் போட்டிருந்தார்கள். உப்பு கம்பியைத் தின்றுவிடும். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, லிட்டர் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் மனையில் போட்ட போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தோம். அளவுக்கு மேலேதான் வந்தது. மேஸ்திரி, “எல்லாரும் இதுலதான் கட்றாங்க” என்றார். நான் விடவில்லை. கான்கிரீட்டுக்கும் சரி, சுவருக்குத் தண்ணீர் காட்டுவதற்கும் சரி, லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். முகப்புக் கண்ணாடிக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. என்னைக் கேட்டால் அது நல்ல பண்டமாற்று.

2003-லிருந்தே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் அல்லவா? கடமைக்குக் குழி தோண்டாமல், மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டியில் சேர்க்கிறோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 700, 800 லிட்டர் கிடைக்கும். துணி துவைக்க, செடிக்கு ஊற்ற அது போதுமானது. குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர்.

லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற முறையில் சுவர் எழுப்பினோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்குவார்கள். சுவருக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். வெற்றிடத்தால் சூடும் உள்ளே இறங்குவது குறையும். மேஸ்திரி முதலில் முகத்தைச் சுளித்தார். ஒரு நாள் முழுக்க நாலடிச் சுவரைக் கட்டி, இடித்து, மறுபடி கட்டிப் பழகினார்! கூலி சற்றுக் கூடத்தான் ஆயிற்று. ஒயரிங் பைப் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் பிறகு சுவரைக் குடைய முடியாது. இதை அனுபவித்துத் தெரிந்து கொண்டோம். சமையலறையில் மிக்ஸி பிளக் ஒன்று இன்றைக்கும் வெளியே தெரியும் பைப்பில்தான் வருகிறது.

கூரை கான்கிரீட் போட்ட அன்று ஆட்களுக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிறீர்களா? ஆம்பூரில் அது ஒரு கேள்வியா! சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய் தொக்கு, வெங்காயத் தயிர்ப் பச்சடி. சித்தாள் பெண்களுக்கு நானே உட்கார வைத்துப் பரிமாறினேன்.

எல்லாம் சரியாக அமைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட முதலில் மறந்துவிட்டோம். குரங்கு இறங்கி வாழைத் தாரோடு போயிற்று! முதல் மழையில் சாரல் கூடம் வரை வந்தது. பிறகு சுற்றிலும் இரண்டடிக்கு ஓட்டுத் தாழ்வாரம் இறக்கினோம். ரெட் ஆக்சைடு தரை போட்ட ஆள் அவசரப்பட்டதில் இரண்டு இடத்தில் முடி போல விரிசல். பார்த்துப் பார்த்து அதுவும் பழகிவிட்டது.

2024 தை மாதம் பால் காய்ச்சினோம். வந்தவர்களில் ஒரு அம்மா மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாடி வேலை இன்னும் பாக்கியா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அமைதியாக, “இல்லீங்க, வேலை முடிஞ்சிடுச்சு. எங்களுக்கு இவ்வளவுதான் வேணும்” என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு!

அந்த வருஷக் கோடை சுட்டெரித்தது. மத்தியானத்தில் பேன் போடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஏ.சி. வாங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததும், முற்றத்துக் காற்றும் நன்றாகவே கை கொடுத்தன. அத்தைக்கு அறையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு படி, ஒரு வாசல்தடைகூடக் கிடையாது. உட்கார்ந்து எழும் டாய்லெட். பக்கத்தில் பிடித்துக் கொள்ளக் கம்பி. வாடகை வீட்டில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தவர், இங்கே வந்த பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

வீடு கட்டப் போகும் சகோதரிகளுக்கு என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்:

1. இஞ்சினீயரிடம் போகும் முன் ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள். யார், எப்போது, எங்கே இருக்கிறார்கள்? ஆள் இல்லாத அறையை அடித்து விடுங்கள்.

2. கைக்குழந்தை உள்ளவர்கள், அடுப்படியில் நின்றால் குழந்தை விளையாடும் இடம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பிளானிலேயே பாருங்கள். முற்றத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசுவும் வரும், குழந்தைக்கும் ஆபத்து.

3. சமையல் மேடை உயரத்தை உங்கள் உயரத்துக்குச் சொல்லுங்கள். நான் குள்ளம், எனக்கு 31 அங்குலம். மேஸ்திரி வழக்கமாகப் போடும் உயரத்தில் போட்டிருந்தால் தோள் வலிதான் மிச்சம்.

4. பெரியவர்கள் அறையை ஒதுக்குப்புறமாக வைக்காதீர்கள். அமைதி வேறு, தனிமை வேறு.

5. போர் தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு சட்டி கான்கிரீட்கூடக் கலக்க விடாதீர்கள்.

மகள் இப்போது வேலூரில் நர்ஸிங் படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். கேட் சத்தம் கேட்டதும் அத்தை கட்டிலில் இருந்தபடியே, “பாப்பா வந்துட்டா, டீத்தண்ணி வை” என்று குரல் கொடுப்பார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். செருப்பைக் கழற்றிக் கொண்டு திண்ணையில் நிற்பாள் அவள். இருந்த இடத்திலிருந்தே மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வோம்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரை நான் இன்னும் பார்த்ததில்லை. ஒரு தடவை அத்தையையும் கூட்டிக் கொண்டு போய்வர வேண்டும்.